நாலு மூலைக் கம்பி

ரம்யா, பிரபு, உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ரம்யா, நீ டிப்ளமா முடித்து டேப்பும் கையுமாக நிற்கிறாய். பிரபு, நீ கொத்துக் கரணை பிடிக்கிறாய். உங்களோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு மத்தியானம் சாப்பிட்ட பிறகு இதைப் படித்துக் காட்டுங்கள். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்தாதீர்கள்.

கலவை எப்படி, கட்டு எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அது கைக்கு வந்துவிடும். மாடி எடுக்கிற வேலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். காலி மனையில் வீடு கட்டுவது வேறு. மாடி எடுப்பது ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் நின்று செய்கிற வேலை. கீழே குக்கர் விசில் அடிக்கும், பிள்ளை பாடம் படிக்கும், நாம் மேலே உடைத்துக்கொண்டிருப்போம். இன்னொன்றும் உண்டு. நாம் போய்க் கட்டும் அன்றைக்குத்தான் மாடி வருகிறது என்று நினைக்காதீர்கள். பல வீடுகளில் அதற்கு ரொம்ப வருஷம் முன்பே அவர்கள் அந்த மாடியில் குடியேறியிருப்பார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செம்பாக்கத்தில் ஒரு வீடு. நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருஷம். அனிதா என்ற பெண் கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள், அங்கேயே வாடகைக்கு இருக்கிறாள். அப்பா இறந்துவிட்டார். அம்மா மட்டும் செம்பாக்கம் வீட்டில். அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, யாரும் பார்க்காமல் அரை நாள் கிடந்திருக்கிறார். அதிலிருந்து மகளுக்குத் தூக்கமில்லை. மாடி எடுத்து, புருஷனும் குழந்தையுமாக அங்கே வந்துவிட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். பிளான் ஏற்கெனவே ஒரு இன்ஜினியர் தம்பி போட்டுக் கொடுத்திருந்தார்.

தெரு எனக்குப் புரிபடவில்லை. ஒரு காலத்தில் வயலும் பனைமரமுமாக இருந்த பக்கம். இப்போது இரண்டு புறமும் ஃப்ளாட். வீட்டின் முகப்பில் புது கிரில், டைல்ஸ். கீழே சுற்றிப் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன்.

காலை வெயில் இன்னும் சூடாகவில்லை. பள்ளிக்கரணைப் பக்கமிருந்து நாலைந்து கூழைக்கடாக்கள், இறக்கையே அசைக்காமல், கனவில் பறப்பது மாதிரி வந்துகொண்டிருந்தன. தூரத்தில் தாம்பரம் ரயில் சத்தம், தண்ணீருக்கடியில் கேட்பது போல. மாடியின் நாலு மூலையிலும், பின்னால் தூணைத் தொடர விட்டுவைக்கும் கம்பிகள் நின்றன. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருந்தார்கள். மூலைக்கு மூலை நைலான் கொடி, அதில் துணி.

அந்த அம்மா ஈரத்துணி வாளியோடு பின்னால் ஏறி வந்தார். படியிலிருந்து நேரே கொடிக்குப் போகவில்லை. இடது பக்கம் நாலு எட்டு நடந்து, நின்று, திரும்பி, பிறகு உள்ளே போவது போலப் போனார். வெறும் மொட்டை மாடி. நடுவில் ஒரு தடுப்பும் இல்லை.

"ஏம்மா சுத்திப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "வாசப்படி இங்கதானே வருது" என்றார். "அவரு வூடு கட்டின புதுசுல கோலமாவுல ரூம் ரூமா கோடு போட்டு வெச்சாரு. இது ஹால், இது அனிதா ரூம், இது சாமி ரூம்னு. சம்மர்ல இங்கதான் சாப்பாடு. கோட்டைத் தாண்டி வந்தா திட்டுவாரு. 'சுவத்துல முட்டிக்கினு வரியே, வாசல் வழியா வா'ம்பாரு. மழையில கோடு போயிடிச்சு. கால் மறக்கல."

கூடவே ஏறி வந்த அனிதா சிரித்தாள். "நான் ஸ்கூல்ல என் ரூம் மாடியில இருக்குன்னு சொல்லுவேன் அங்கிள். பொய்யுன்னே எனக்குத் தெரியாது."

"பொய் என்ன?" என்றார் அம்மா. "போறப்போ கூட சொல்லிட்டுத்தான் போனாரு. நாலு மூலையிலும் கம்பி விட்டிருக்கேன், என்னிக்கு வேணா மாடி எடுத்துக்கோங்கன்னாரு."

நான் சும்மா தலையாட்டிக்கொண்டே மூலைகளைப் பார்த்து வந்தேன். முதல் மூலையில் நாலு கம்பி. இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் மூன்று.

அங்கேயே நின்றுவிட்டேன். அந்த மூன்று கம்பியை நிறுத்தியவன் நான்தான்.

ரம்யா, நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது; அதனால்தான் அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். எல்லாவற்றையும் பஸ் பாஷையில்தான் பேசுவார். சாரத்தில் ஆள் ஏறினால் "படியில நிக்காத, உள்ள போ" என்பார். தூண் இல்லாத வீடு. சுவர் மேலேயே கூரை. அஸ்திவாரமும் ஆழமில்லை, அடியில் களிமண். அவர் கைக்கு அவ்வளவுதான் எட்டியது. ரூஃப் போடும் அன்றைக்குக் கலவை மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார். அக்கம்பக்கத்து வீடுகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லா மாடியிலும் கம்பி.

"மேஸ்திரி, நம்மளுதுலயும் நாலு மூலைக்கும் கம்பி வுடுப்பா."

"சார், கீழ தூணே இல்லியே. எதுல நிக்கும்?"

"அட, ஒரு நம்பிக்கைக்குத்தான்யா. இது லாஸ்ட் ஸ்டாப்னு வண்டியே நெனச்சிடக் கூடாது. இன்னும் ஒரு ஸ்டாப் கீது, மேல."

அங்கிருந்த எல்லோரும் சிரித்தோம். மிச்சம் கிடந்த துண்டுக் கம்பிகளைப் பொறுக்கி, ரூஃப் கம்பியோடு சேர்த்துக் கட்டி, மூலைக்கு நாலாக ஆகாசத்தைப் பார்க்க நிறுத்தினேன். மூன்றாவது மூலைக்கு வரும்போது ஒரு துண்டு குறைந்தது. "போதும், அது லேடீஸ் சீட்டு" என்றார். அவை கீழே இறங்கிய ஆழம் கூரையின் கனம்தான், ஐந்து அங்குலம். அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதை அப்போதே மறந்துவிட்டேன். அடுத்த வாரம் வேறு வீடு.

பூச்சு முடிந்து வெள்ளையும் அடித்த சுவரைப் பார்த்து உள்ளே தூண் இருக்கிறதா என்று யார் சொல்ல முடியும்? இன்ஜினியர் தம்பி மாடியில் கம்பியைப் பார்த்தார், கீழே தூண் என்று நம்பினார். கீழே இரண்டு அறை இருக்கும் இடத்தில் மேலே ஒரே பெரிய ஹால், முன்னால் பால்கனி, தலையில் தண்ணீர் டேங்க் என்று வரைந்திருந்தார். அந்தப் பாரத்தைக் களிமண் மேல் நிற்கும் அந்தச் சுவர்கள் சுமக்காது. ஒரு மழைக்காலம் தாங்கலாம். இரண்டாவது தாங்கலாம். அதற்குப் பிறகு கீழே படுத்திருக்கும் அந்த அம்மாவின் மேல் வரும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. எழுதவே கை கூசுகிறது. அந்த அம்மா "இங்க அனிதா ரூமு" என்று காட்டிக்கொண்டே இல்லாத அறையில் நின்று ஒரு தலையணை உறையை உதறினார். அந்த இடத்தில் வாயைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இறங்கினேன். மறுநாள் கைப்பிடிச் சுவரை இடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் மணல் வந்தது. ஒவ்வொரு நாளும் வேலை ஒரு படி ஏறியது, என் பேச்சு ஒரு படி இறங்கியது. ஆறு நாள் போய்விட்டது.

பிள்ளைகளே, தப்புச் செய்கிறவன் எல்லாம் தைரியசாலி இல்லை. முக்கால்வாசிப் பேர் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தவர்கள்தான்.

என்னோடு அந்தக் காலத்திலிருந்தே கலவை சுமக்கிற அக்கா ஒருவர் உண்டு. பெயர் எழுதவில்லை, எழுதினால் திட்டும். ஆறாம் நாள் பதினோரு மணி டீயோடு அது மூன்றாவது மூலையில் போய்க் குந்தியது. கம்பித் தலையிலிருந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தது.

"இன்னா மேஸ்திரி, இது நம்ம கண்டக்டரு வூடுதானே? லேடீஸ் சீட்டுன்னாரே, அந்தக் கம்பிதானே இது? அன்னிக்கி நாந்தானே கலவை கொட்னேன்."

"மெதுவா பேசுக்கா."

"இது சும்மா சொருவுனதாச்சே. இதும் மேலயா தூணு ஏத்தப் போற?"

"நான் பாத்துக்கறேன். நீ கொஞ்சம் சும்மா இரு."

அக்கா டீயைக் குடித்து முடித்தது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தது. "நான் சும்மா இருப்பேன்யா. செவுரு சும்மா இருக்குமா?"

மறுநாள் செங்கல் லோடு மாடிக்கு ஏற வேண்டும். செங்கல் சூளையில் கல்லைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்தேன். படப்பை ரோட்டில் போனேனே தவிர சூளைக்குப் போகவில்லை. வழியில் ஏரிக்கரை ஒன்று. வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீரில் மேகம் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண் சொக்கிவிட்டது போலிருக்கிறது. அந்த மாடி எனக்குத் தெரிந்தது. முழுசாகக் கட்டி, பெயிண்ட் அடித்து, ஜன்னலில் திரை போட்டு, உள்ளே அந்தக் குழந்தை ஓடி விளையாடுகிறது. கண்டக்டர் பால்கனியில் நின்று கையை ஆட்டுகிறார். மாடி மட்டும்தான் இருக்கிறது. கீழ் வீடு இல்லை. தண்ணீரின் மேல் மேகம் மாதிரி அது பாட்டுக்கு நிற்கிறது.

விழித்தபோது ஒரு எண்ணம் வந்தது. முட்டி வலி அதிகமாகிவிட்டது, வேறு மேஸ்திரியை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு போன் பண்ணினால் போதும். பொய்யும் இல்லை, முட்டி வலிக்கத்தான் செய்தது. போனைக் கையில் எடுத்தேன். எனக்குப் பதிலாக வருகிறவன் எப்படி இருப்பான் என்று யோசித்தேன். நல்ல வேலைக்காரனாகவே இருப்பான். மாடிக்கு ஏறுவான், கம்பியைப் பார்ப்பான், நம்புவான். அவனுக்கு அது நிஜக் கம்பி. அது பொய் என்று தெரிந்தவர்களில் கண்டக்டர் போய்விட்டார். மிச்சம் நானும், கலவை சுமக்கிற ஒரு அக்காவும். அக்கா சொன்னால் எந்த இன்ஜினியர் கேட்பார்?

வண்டியைத் திருப்பினேன்.

அனிதா அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அம்மாவும் அவளும் ஹாலில் பெயிண்ட் அட்டையை வைத்துக்கொண்டு கலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"அம்மா, நாளைக்கு செங்கல் ஏத்தக் கூடாது. மாடியில நிக்கிற கம்பி எதுலயும் நிக்கல. கீழ தூண் கிடையாது. அதை வெச்சவன் நான்தான்."

என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ரூஃப் போட்ட நாள், துண்டுக் கம்பி, ஐந்து அங்குலம், எல்லாம்.

அனிதாவின் முகம் சிவந்துவிட்டது. "இதை ஃபர்ஸ்ட் டே ஏன் சொல்லல? ஒன் வீக்கா எங்க வீட்டை உடைச்சிட்டு இருக்கீங்க!"

"சொல்லியிருக்கணும்மா. சொல்லல. தப்புதான்."

"என் குழந்தையை அந்த ரூம்ல படுக்க வெச்சிருப்பேன் அங்கிள். அம்மா கீழ படுத்திருப்பாங்க. அன்னிக்கு அப்பாவுக்குக் கம்பி நீட்டிக் குடுத்தீங்க. இப்போ நீங்களே கம்பி நீட்டிடலாம்னு வந்திருக்கீங்களா?"

சுருக்கென்று தைத்தது. இரண்டு மணி நேரம் முன்பு ஏரிக்கரையில் அதைத்தான் நினைத்தேன். "நீட்டலாம்னுதான் போனேன்" என்றேன். "முடியல, திரும்பி வந்துட்டேன்."

அந்த அம்மா பெயிண்ட் அட்டையை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அவரு எங்கிட்ட பொய் சொன்னாரா, மேஸ்திரி?"

ரம்யா, பிரபு, என் தொழிலில் எத்தனையோ நெருக்கடி பார்த்திருக்கிறேன். மழையில் சாரம் சரிந்திருக்கிறது. கூரைப் பலகை பாதிக் கான்கிரீட்டில் இறங்கியிருக்கிறது. அதெல்லாம் கையும் காலும் பார்த்துக்கொள்ளும். இந்தக் கேள்விக்கு எதைக் கொடுத்து முட்டுக் கொடுப்பது? அவருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் என் தப்பு என்று சொன்னால் அந்த அம்மா மனசு ஆறும். ஆனால் அதுவும் இன்னொரு துண்டுக் கம்பி.

"அவருக்குத் தெரியும்மா" என்றேன். "தூண் இல்லைன்னு நான் சொன்னேன். ஒரு நம்பிக்கைக்கு விடுன்னாரு. அவரு கம்பியா விட்டது நம்பிக்கையைத்தான். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நெசக் கம்பியா ஆயிடிச்சோ என்னமோ. ஆனா நான் கொத்தன். எனக்குக் கம்பின்னா கம்பிதான். வெச்ச அன்னிக்கே உங்களைக் கூப்பிட்டு, இது சும்மாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் போனது. அது போய் முடிகிற வரைக்கும் அந்த அம்மா மேலே பார்த்துக்கொண்டே இருந்தார், கூரைக்கு அப்பால் தெரிகிற மாதிரி.

"அப்போ இத்தினி வருஷமா அதுல துணி காயப்போட்டனே?"

"துணிக்கு அது தாங்கும்மா."

அவர் முகத்தில் என்னவோ அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "வேற வழி ஒண்ணும் இல்லையா?" என்றார்.

வழி இருந்தது. அதை வரும் வழியிலேயே யோசித்திருந்தேன். வீட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி, ஆறு இடத்தில் ஆழமாகத் தோண்டி, களிமண்ணைத் தாண்டிக் கெட்டி மண் வரைக்கும் போய், அங்கிருந்து புதுத் தூண் எழுப்புவது. புது மாடியின் பாரம் எல்லாம் அந்தத் தூண்களில் இறங்கும். பழைய வீடு பழையபடி தன்னை மட்டும் சுமக்கும். பால்கனி கிடையாது. பக்கத்துச் சந்து பாதியாகிவிடும். அங்கே அந்த அம்மா வளர்த்த கறிவேப்பிலை மரம் போகும். வேலை மழைக்காலத்தைத் தாண்டும்.

இன்ஜினியர் தம்பி வந்தார். சுவரின் மூலையில் பூச்சை உடைத்துப் பார்த்தோம். செங்கல், செங்கல், கூரை வரைக்கும் செங்கல். அந்தப் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு, "மூணு கம்பி பாத்தேன் சார், ஒண்ணு துருப்பிடிச்சு விழுந்திருக்கும்னு நெனச்சேன்" என்றார். ரம்யா, இதை நீ குறித்துக்கொள். தூணுக்கு மூன்று கம்பி யாரும் விடமாட்டார்கள். கணக்குக்கு ஒத்துவராத ஒன்றைக் கண்டால் அதற்கு நீயே ஒரு காரணம் கற்பித்துக்கொள்ளாதே. இறங்கிப் போய் யாரையாவது கேள்.

அனிதா என்னை நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினாள். "நீங்களே செய்ங்க அங்கிள். இந்த வீட்ல என்ன பொய் இருக்குன்னு உங்களுக்குத்தான் முழுசா தெரியும்."

ஆறு குழியும் தோண்டினோம். மூன்றில் தண்ணீர் ஊறியது, இறைத்து இறைத்துத் தோண்டினோம். ஒவ்வொரு குழியிலும் கம்பி நிறுத்தும்போது அந்த அம்மாவைக் கூப்பிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னேன். "எங்க நிக்குதுன்னு பாத்துக்கோங்கம்மா." முதல் குழிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவர், நாலாவது குழிக்கு, "இன்னும் கொஞ்சம் ஆழமா போலாமா மேஸ்திரி?" என்று கேட்டார். அக்கா குழிக்குள்ளிருந்து, "இந்தம்மா வுட்டா பாதாளத்துல வூடு கட்டச் சொல்லும்" என்றது. அன்றைக்குத்தான் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

மாடி எழும்பியது. புதுப் பிளானில் வாசல் வலது பக்கம் இருந்தது. நான் தம்பியிடம் கெஞ்சி அதை இடது பக்கம் மாற்றினேன். படியிலிருந்து நாலு எட்டு. ஏன் என்று கேட்டார். அங்கேதான் சார் அவங்க நுழைவாங்க என்றேன்.

மாடிப்படிக்குக் கீழே, பூச்சு ஈரமாக இருக்கும்போதே, ஆணியால் எழுதி வைத்தேன்: "தூண் ஆறு. கெட்டி மண் வரை. பழைய நாலு மூலைக் கம்பியில் பாரம் ஏற்றக் கூடாது." இது யார் வீட்டில் வேலை செய்தாலும் நீங்களும் செய்ய வேண்டியது. சுவருக்குள் நீங்கள் எதை மறைத்தாலும், அதை வெளியில் எங்காவது எழுதிவிட்டுப் போங்கள்.

குடியேறும் அன்றைக்குப் பால் காய்ச்சினார்கள். அந்த அம்மா குத்துவிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். இடது பக்கம் நாலு எட்டு. நின்றார், திரும்பினார், உள்ளே போனார். கீழே பார்க்கவே இல்லை. நிலைக்கால் அவர் தோளை உரசவில்லை.

புதுத் தூண்கள் வெளியே நிற்பதால் பழைய மூலைகள் ஹாலுக்குள் வந்துவிட்டன. கம்பிகளையெல்லாம் தரையோடு தரையாக வெட்டச் சொல்லியிருந்தேன். மூன்று மூலையில் வெட்டியாகிவிட்டது. மூன்று கம்பி நின்ற மூலையில் மட்டும் அந்த அம்மா ஒரு கம்பியை வெட்ட விடவில்லை. குழந்தை இடித்துக்கொள்ளாமல் இருக்க நான் அதன் நுனியை வளைத்துக் கொடுத்திருந்தேன். விளக்கை வைத்துவிட்டு வந்த அந்த அம்மா, முந்தானையில் முடிந்திருந்த எதையோ அவிழ்த்தார். கண்டக்டரின் விசில். கறுத்துப்போன கயிறோடு இருந்தது. அதைக் கொண்டுபோய் அந்தக் கம்பியில் மாட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதைத் தாங்குமில்ல, மேஸ்திரி?"

நான் கிட்டே போய், கம்பியைப் பிடித்து ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"தாங்கும்மா."